தொழிற்சங்கக்காரரா, வக்கீலா, டாக்டரா, வட்டச் செயலாளரா? வடசென்னை வேட்பாளர்களின் வேலை வாழ்க்கையைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

காசிமேட்டில் எனக்குப் பழக்கமான மீன்கார அக்கா ஒருவர் இருக்கிறார். போன தேர்தலின்போது அவரிடம் ஒரு வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தைச் செல்போனில் படித்துக் காட்டினேன். சொத்துக் கணக்கைப் படித்தபோது அவர் தலை நிமிரவே இல்லை, செதிள் உரித்துக்கொண்டே இருந்தார். வழக்கு விவரத்துக்கும் அப்படித்தான். ‘தொழில்: சமூக சேவை’ என்று படித்ததும் கத்தி நின்றது. “அதுக்கு முன்னாடி இன்னாபா வேலை செஞ்சிகினு இருந்தாரு? யாருக்காச்சும் பதில் சொல்ற வேலையா?” என்று கேட்டார்.

அன்றிலிருந்து வேட்பாளர்களை நான் ஒப்பிடுவது அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான். படிப்பு, சாதி, சொந்த ஊர் எல்லாம் அப்புறம். ஒருவர் இருபது வருடம் யாருக்குப் பதில் சொல்லிப் பழகினாரோ, பதவிக்கு வந்த பிறகும் பெரும்பாலும் அவர்களுக்குத்தான் பதில் சொல்வார்.

படிவம் 26 என்ற அந்தப் பிரமாணப் பத்திரத்தில் இதற்கு ஓரளவு விடை இருக்கிறது. 2002-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதால்தான் வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாவற்றையும் வேட்பாளர்கள் எழுதித் தர வேண்டியதாயிற்று. 2018-க்குப் பிறகு ஐந்து வருட வருமான வரிக் கணக்கும், வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதும் சேர்ந்தன. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ‘சமூக சேவை’ என்று இருந்தால் உடனே வருமான ஆதாரம் என்ற இடத்துக்குப் போங்கள். வாடகையா, வட்டியா, கம்பெனிப் பங்கா, மனைவி சம்பளமா? வேலை வாழ்க்கை பாதி அங்கேதான் எழுதியிருக்கும்.

சரி, வடசென்னைக்கு வருவோம். திருவொற்றியூர், ஆர்.கே. நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தது வடசென்னை மக்களவைத் தொகுதி. அதில் ஒரு தொகுதியின் பெயரே ஒரு தொழிற்சங்கத் தலைவரின் பெயர். வெஸ்லி பள்ளியில் தமிழ் ஆசிரியர், ‘தேசபக்தன்’, ‘நவசக்தி’ பத்திரிகைகளின் ஆசிரியர், அதோடு பின்னி என்ற துணி மில்லின் தொழிலாளர்களுக்காக மேடை ஏறியவர் திரு.வி.க. 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூரில் தொடங்கிய மெட்ராஸ் லேபர் யூனியன் இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று. அதனால் முதலில் தொழிற்சங்கக்காரர்.

என் அப்பா பின்னி மில் தொழிலாளி. எங்கள் வீட்டுக்கு வந்துபோன யூனியன்காரர் ஒருவரின் தோல் பை இன்னும் கண்ணில் நிற்கிறது. அதில் எப்போதும் நாலு கார்பன் பேப்பர் இருக்கும், ஓரமெல்லாம் நைந்து நீலம் போய் வெளுத்திருக்கும். அப்பாவுக்கு விரலில் அடிபட்டபோது எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, ஈ.எஸ்.ஐ. சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மனு எழுதினார். மூன்று பிரதி. “ஒண்ணு மேனேஜ்மென்ட்டுக்கு, ஒண்ணு லேபர் ஆபீசுக்கு, ஒண்ணு உன் பெட்டியில பூட்டி வை” என்றார். மறுநாள் மில் வாசலில் நடந்த கேட் மீட்டிங்கில் அதே அப்பா அவரைப் பார்த்து, “போனஸ் பேச்சுல ஏன் விட்டுக் கொடுத்தீங்க?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அவர் நின்று பதில் சொன்னார். மனு எழுதிக் கொடுத்தவரையே மறுநாள் நிற்க வைத்துக் கேள்வி கேட்கலாம் என்ற அந்த உரிமை வேறெந்தத் தொழிலிலும் இவ்வளவு வெளிப்படையாக இல்லை.

இந்த வகையில் வடசென்னை அனுப்பிய ஆட்கள் சாதாரணமானவர்கள் அல்ல. எஸ்.சி.சி. அந்தோணிப் பிள்ளை யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், லண்டனில் படித்தவர், இலங்கை இடதுசாரி இயக்கத்திலிருந்து இங்கே வந்தவர். மெட்ராஸ் லேபர் யூனியன் தலைவராக இருந்து 1947 பின்னி வேலைநிறுத்தத்தில் கைதானார். 1957-ல் வடசென்னை அவரை மக்களவைக்கு அனுப்பியது. வெளியூர்க்காரர், வெளிநாட்டில் பிறந்தவர் என்றெல்லாம் யாரும் பார்க்கவில்லை என்பதைச் சொந்த ஊர் பேசுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும். தி.மு.க.வின் தொழிற்சங்கமான தொ.மு.ச.வின் தலைவர் செ. குப்புசாமி 1998, 1999, 2004 என்று தொடர்ந்து மூன்று முறை இங்கே ஜெயித்தார். மார்க்சிஸ்ட் கட்சி சார்ந்த சி.ஐ.டி.யு. சங்கத் தலைவர் அ. சவுந்தரராசன் 2011-ல் பெரம்பூர் எம்.எல்.ஏ. ஆனார்.

ஆனால் 1996-ல் பின்னி மில் மூடப்பட்டது. கேட்டே இல்லாத ஊரில் கேட் மீட்டிங் எங்கே நடக்கும்? மணலி, எண்ணூர் பக்கம் ஆலைகள் இருக்கின்றன, அங்கே கணிசமான பேர் காண்ட்ராக்ட் ஆட்கள். எங்கள் தெருப் பையன்கள் பாதிப் பேர் சாப்பாடு டெலிவரி செய்கிறார்கள், அவர்களுக்கு முதலாளி ஒரு செயலி. இன்றைக்குத் தொழிற்சங்கப் பின்னணி என்று சொல்லிக்கொண்டு வருகிறவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் சங்கத்தில் காண்ட்ராக்ட் ஆள் எத்தனை பேர்? பதில் வராவிட்டால், பின்னி மில் பெருமையை அவர் கடன் வாங்கிப் பேசுகிறார் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

அடுத்து வக்கீல். 2024 மக்களவைத் தேர்தலில் இங்கே பா.ஜ.க. நிறுத்திய பால் கனகராஜ் உயர் நீதிமன்ற வழக்கறிஞர் சங்கத் தலைவராக இருந்தவர். ராயபுரத்தில் 1991-லிருந்து 2016 வரை ஐந்து முறை ஜெயித்த ஜெயக்குமார் மீனவர் சமூகத்தில் பிறந்து சட்டம் படித்தவர். வக்கீலை வக்கீல் என்பதற்காக மட்டும் நான் ஒதுக்க மாட்டேன். எங்கள் பகுதியின் பெரிய துன்பங்கள் எல்லாம் காகிதத்தில்தான் தொடங்குகின்றன. ஓர் ஆலைக்கு இயங்க அனுமதி, அதில் நிபந்தனை, நிபந்தனையை மீறியதற்கு நோட்டீஸ். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வந்து படிந்தபோது, படகும் வலையும் கறுத்துப்போன மீனவர்களின் பிரச்சினை கடைசியில் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயத்துக்குத்தான் போனது. அந்தக் காகிதங்களைப் படிக்கத் தெரிந்த எம்.பி. நமக்கு வேண்டும்.

வக்கீலிடம் எனக்கு உறுத்துவது வேறு. வக்கீலிடம் வழக்கை ஒப்படைத்தவருக்குக் கோர்ட்டில் ‘கட்சிக்காரர்’ என்று பெயர். வக்கீல் பதில் சொல்வது கட்சிக்காரருக்கும் நீதிபதிக்கும். எதிர்க் கட்சிக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை அவர் தொழிலில் இல்லை. தொகுதியில் அப்படி இருக்க முடியாது, ஓட்டுப் போடாதவரும் மனுவோடு வருவார். அப்புறம் வாய்தா. மூன்று மாதம் கழித்து வா என்பது கோர்ட்டில் சாதாரணம். தண்ணீர் வராத வீட்டில் மூன்று நாளே அதிகம். அதனால் வக்கீல் வேட்பாளர் யாருக்காக வாதாடினார், ஆலைக்கா, ஆலையை எதிர்த்தவர்களுக்கா, காசு கொடுக்க முடியாதவருக்கு ஒரு வழக்காவது நடத்தினாரா என்று விசாரித்துவிடுவேன். உயர் நீதிமன்றம் எங்களுக்குப் பக்கம்தான், சொல்ல ஆள் இருக்கும்.

டாக்டர் விஷயத்தில் மக்களுக்குத் தனி மரியாதை. 2019-லும் 2024-லும் ஜெயித்த கலாநிதி வீராசாமி மருத்துவர், முன்னாள் அமைச்சர் ஆற்காடு வீராசாமியின் மகனும்கூட. அரசியல் குடும்பப் பின்னணியும் ஒரு வேலைப் பயிற்சிதான். சின்ன வயதிலிருந்து வீட்டு வாசலில் மனுவோடு நிற்பவர்களைப் பார்த்து வளர்வது லேசான விஷயம் இல்லை. ஆனால் வாசலுக்கு உள்ளே நின்று பார்த்த காட்சி அது.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது என் உறவுக்காரப் பெண் ஈரத் துணியை மூக்கில் வைத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளோடு இருட்டில் ஓடினார். அமோனியா கண், தொண்டை ஈரத்தில் கரைந்து எரிக்கும் வாயு. கசிவு நின்ற பிறகும் பிள்ளைகளின் இருமல் நிற்கிறதா என்று யார் வந்து பார்ப்பது? அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரிந்தவர் ஒரு டாக்டர்தான். தெருத் தெருவாக நுரையீரல் பரிசோதனை நடத்தச் சொல்லி, அந்தக் கணக்கை நாடாளுமன்றத்தில் வைக்கும் தகுதி அவர் படிப்புக்கு உண்டு. குறை என்னவென்றால், நோயாளிகள் டாக்டரைக் கேள்வி கேட்பதில்லை. எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருகிறோம். அந்தப் பழக்கத்தோடு வருகிறவருக்கு, தெருவில் நாலு பெண்கள் குடத்தோடு சூழ்ந்துகொண்டு குரல் உயர்த்தும்போது பொறுமை வேண்டும்.

பில்டர், காண்ட்ராக்டர் வகை வேட்பாளரைப் பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. படிவம் 26-ல் அரசு ஒப்பந்தங்கள் பற்றிய இடத்தை, மனைவி, பிள்ளைகள் பெயரோடு சேர்த்துப் படியுங்கள். சம்பந்தப்பட்ட அரசோடு நடப்பில் ஒப்பந்தம் உள்ளவர் போட்டியிட முடியாது என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவு. பணப் பட்டுவாடாவால் 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலே ரத்தானதைப் பார்த்தவர்கள் நாம், செலவழிக்கிற கை எந்த வேலையில் சம்பாதித்தது என்று பார்க்காமல் இருக்கக் கூடாது.

கடைசியாக வட்டச் செயலாளர். கட்சியில் போஸ்டர் ஒட்டி, பூத் ஏஜென்டாக உட்கார்ந்து, கவுன்சிலராகி மேலே வருகிறவர். இவரைத்தான் படித்தவர்கள் குறைவாக எடைபோடுகிறார்கள் என்பது என் கருத்து. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யாராவது இறந்துபோனால் ஃப்ரீசர் பெட்டிக்குப் போன் செய்கிறவர் இவர். இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, வாரியக் குடியிருப்பு ஒதுக்கீடு, அடைத்துக்கொண்ட சாக்கடை என்று எல்லாம் இவர் வழியாகத்தான் நகர்கிறது. பதில் சொல்லாமல் தெருவில் நடக்கவே முடியாது. ஆனால் இவர் செய்து தருவது உதவியாக இருக்கிறது, உரிமையாக இருப்பதில்லை. இவர் போன் செய்தால் வேலை நடக்கிறது, நீங்களாகப் போனால் நடப்பதில்லை. அந்த வித்தியாசத்திலேயே வளர்ந்தவர், வித்தியாசத்தை ஒழிக்கச் சட்டசபையில் பேசுவாரா? சிலர் பேசியிருக்கிறார்கள், எல்லோரும் அல்ல.

இந்த இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று தொழில் எழுதும் பெண் வேட்பாளர்களையும் சேர்க்க வேண்டும். மாநகராட்சி வார்டுகளில் பாதி பெண்களுக்கு. “பேருக்குத்தான் அவங்க, வேலையெல்லாம் வீட்டுக்காரர்” என்ற பேச்சு உண்மையாகிற வார்டுகளும் உண்டு. ஆனால் தண்ணீர் லாரிக்குப் பதினைந்து வருடம் குடம் வைத்தவருக்கு எந்தத் தெரு கடைசியில் தண்ணீர் பெறுகிறது என்று மனப்பாடம். அது வேலை அனுபவம் இல்லை என்றால் வேறு எது? அப்படிப்பட்டவரிடம் நான் கேட்பது, கூட்டத்தில் நீங்களே பேசுவீர்களா என்பது மட்டும்.

எனக்கு யார் என்று கேட்டால், பதவியைப் பொறுத்து மாறும். வார்டுக்கும் சட்டமன்றத்துக்கும் வட்டச் செயலாளரோ குடம் தூக்கிய அக்காவோ போதும், தெருவுக்குப் பதில் சொல்லிப் பழகியவர் வேண்டும். மக்களவைக்கு அது போதாது. துறைமுகம், ரயில்வே, மணலி சுத்திகரிப்பு ஆலை, கடல் அரிப்பு இவற்றில் டெல்லியின் கை இருக்கிறது. அங்கே ஆலைத் தொழிலாளிக்காக மனு எழுதிப் பழகிய சங்கக்காரரோ, ஆலையை எதிர்த்து வழக்கு நடத்திய வக்கீலோ நின்றால் என் ஓட்டு அவருக்கு. இரண்டும் இல்லாமல் டாக்டரும் தொழிலதிபரும் மட்டும் நின்றால் டாக்டருக்கு, அந்த நுரையீரல் கணக்கை எடுப்பேன் என்று சொன்னால்.

மீன்கார அக்காவின் கணக்கு இன்னும் எளிது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடை. 2019-லும் 2024-லும் ஓட்டுப் போட்டது தடை தொடங்கிய அதே வாரத்தில்தான். விசைப்படகுகள் கரையில் நிற்கும், அவர் கடையிலும் பாதிப் பலகை காலியாக இருக்கும். கும்பிட்டுக்கொண்டு வருகிறவரிடம், “தடைக்காலத்துல நீ இன்னா சாப்ட்ட?” என்று கேட்பாராம். பாதிப் பேருக்குக் கேள்வியே புரியாது என்று சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்தார்.