சென்சாரை இரண்டு முறை மாற்றியும் தீராத ‘லீன்’ கோளாறு: பில் கட்டும் முன் இதையெல்லாம் பாருங்கள்

நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் ஒன்று. செக் என்ஜின் லைட் எரிந்தது. ஸ்கேனரில் பி0171, அதாவது கலவை லீன் (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) என்று ஃபால்ட் கோடு (கோளாறைச் சொல்லும் குறியீடு). ஒர்க்ஷாப்பில் கோடைப் பார்த்த கையோடு முன் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். நான்கே நாளில் லைட் மறுபடி எரிந்தது. "வந்த பீஸே சரியில்லை போல" என்று சொல்லி இன்னொன்றை மாட்டி, அதற்கும் காசு வாங்கிக்கொண்டார்கள். பில்லில் ‘சென்சார்’ ஒரு வரி, ‘கேலிபரேஷன்’ தனி வரி. வண்டி முன்பைவிட அதிகமாகப் பெட்ரோல் குடித்தது, ஐடிலில் ஆடியது, பின்னால் நின்றால் எரியாத பெட்ரோல் வாடை அடித்தது.

ஒரே ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்திருந்தால் அந்த முதல் சென்சாரே தேவைப்பட்டிருக்காது. பிளக்கின் நுனி முழுக்க உலர்ந்த கரி. விரலை வைத்தால் கண்மை போல ஒட்டியது. கம்ப்யூட்டர் லீன் என்கிறது, பிளக் ரிச் (பெட்ரோல் அதிகம்) என்கிறது. இப்படி முரண்பட்டால் பிளக் பக்கம்தான் நிற்க வேண்டும். ஏனென்றால் இந்த சென்சார் பெட்ரோலை அளப்பதே இல்லை. புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை மட்டும் அளக்கிறது. வெளிக்காற்று எங்கிருந்தாவது புகையோடு கலந்துவிட்டால், சென்சார் அதையும் சேர்த்து எண்ணி லீன் என்று சொல்லும். ஈசியூ, அதாவது என்ஜின் கம்ப்யூட்டர், அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும்.

இந்த வண்டியில் அந்தக் காற்று, சிலிண்டர்களின் புகையை ஒன்றாகச் சேர்க்கும் மானிஃபோல்டும் எக்ஸாஸ்ட் பைப்பும் சேரும் இடத்துக் கேஸ்கெட் வழியாக வந்தது. அந்த இணைப்புத் தட்டின் (ஃபிளாஞ்ச்) ஓரத்தில் தூரிகையால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. புகை துடிப்பு துடிப்பாகத்தான் வெளியேறும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே பைப்புக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்கும். அந்த நொடியில் சின்ன ஓட்டைகூடக் காற்றை உள்ளே இழுக்கும். ஐடிலில் புகையின் அளவே குறைவு என்பதால் அந்தக் கொஞ்சக் காற்றும் பெரிதாகத் தெரியும். இதைக் கண்டுபிடிக்க ஸ்மோக் மெஷின் இருந்தால் நல்லது. இல்லையென்றாலும் வழி உண்டு. என்ஜின் ஆறியிருக்கும்போது, ஓடாத நிலையில், வேக்குவம் கிளீனரின் காற்று வெளியேறும் பக்கத்தை சைலன்சர் வாயில் துணி சுற்றிப் பொருத்தி ஊதவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தெளியுங்கள். குமிழி வருகிற இடம்தான் கசிவு.

சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆனாலும் (உள்ளே கலவை எரியாமல் போனாலும்) இதே பொய்தான் வரும். எரியாத சிலிண்டரின் ஆக்சிஜன் முழுதும் அப்படியே சென்சாரிடம் போய்ச் சேர்கிறது. அதனால் மிஸ்ஃபயர் கோடும் கூடவே இருந்தால், முதலில் அதைச் சரிசெய்யாமல் சென்சாரைத் தொடக்கூடாது.

சென்சாரை மாற்றச் சொல்பவரிடம் ஃபியூயல் டிரிம் எண்களைக் கேளுங்கள். கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் டிரிம். ஐடிலில் ஒன்று, 2500 ஆர்பிஎம்மில் ஒன்று. ஐடிலில் +20% தாண்டி, 2500-இல் வெகுவாக இறங்கினால் கசிவைத் தேட வேண்டும். பிளக் வெளுத்திருந்தால் இன்டேக் பக்கம் வேக்குவம் கசிவு. கரி பிடித்திருந்தால் எக்ஸாஸ்ட் பக்கம். மாறாக, லோடு ஏற ஏற டிரிமும் ஏறினால் ஏர்ஃப்ளோ சென்சாரில் அழுக்கு, அல்லது பெட்ரோல் பிரஷர் போதவில்லை. இந்த இரண்டு எண்களைச் சொல்ல முடியாதவர் சென்சாரை மாற்றச் சொல்வது வெறும் ஊகம். அந்த ஊகத்துக்கு உங்கள் பணம் போகிறது.

இதைவிட மோசமான வேலை கனெக்டரில் நடந்திருந்தது. இந்த வண்டியில் இருப்பது போஷ் எல்எஸ்யூ 4.9 வகை வைட்பேண்ட் சென்சார், அதாவது லீனா ரிச்சா என்பதோடு எவ்வளவு என்பதையும் அளப்பது. சென்சாரிலிருந்து ஐந்து வயர் வரும், கனெக்டரில் ஆறு பின் இருக்கும். வயர் வராத அந்தக் கூடுதல் பின்னுக்காக (5-ஆம் எண் பின்) கனெக்டருக்குள்ளேயே ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கிறது. தொழிற்சாலையில் ஒவ்வொரு சென்சாரையும் தனித்தனியாக அளந்து, அதற்கென்று வைக்கப்படும் மதிப்பு அது. உண்மையான கேலிபரேஷன் அதுதான்! மாட்டியவரோ வேறு வண்டிக்கான சென்சாரை வாங்கி, அதன் கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டு, பழைய கனெக்டரோடு வயர்களை முறுக்கி டேப் சுற்றிவிட்டார். புது சென்சாருக்குப் பழைய சென்சாரின் ரெசிஸ்டர். இன்னும் சிலர் கனெக்டரே இல்லாமல் நேராக முறுக்கிவிடுகிறார்கள். வண்டிப் பக்கத்து வயர் கட்டில் (ஹார்னஸ்) அந்த ரெசிஸ்டருக்கான வயர் அந்தரத்தில் தொங்கும்.

இதனால் என்ன ஆகும் என்பது முக்கியம். அந்த ரெசிஸ்டர் ஈசியூவில் உள்ள 61.9 ஓமுக்கு இணையாக இருந்து, கலவையை அளக்க சென்சார் பயன்படுத்தும் பம்ப் கரண்டைப் பங்கிடுகிறது. 300 ஓம் இருக்க வேண்டிய இடம் திறந்து கிடந்தால் அளவு ஏறத்தாழ 20% பெரிதாகக் காட்டும். லாம்டா 1-இல் (சரியான கலவை; அதற்குக் கீழே ரிச், மேலே லீன்) பம்ப் கரண்ட் பூஜ்யம் என்பதால் அங்கே பிழையே தெரியாது, ஐடிலில் எல்லாம் சரியாக இருக்கிற மாதிரி இருக்கும். ஆனால் முழு ஆக்சிலேட்டரில், உண்மையில் லாம்டா 0.80 இருக்கும்போது 0.77 என்று காட்டும். அதை நம்பிப் பெட்ரோலைக் குறைத்தால், அதிகக் குளிர்ச்சி தேவைப்படும் நேரத்தில் என்ஜின் லீனாக ஓடும். டியூனிங் செய்யும் வண்டிகளில் பிஸ்டனுக்கே ஆபத்து. ஆகவே கனெக்டரை வெட்டிய வைட்பேண்ட் சென்சாரை ஏற்காதீர்கள். சந்தேகமிருந்தால் கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கத்தில் 1-ஆம் பின்னுக்கும் 5-ஆம் பின்னுக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள்: 30 முதல் 300 ஓமுக்குள் வர வேண்டும். 3-க்கும் 4-க்கும் இடையே (வெள்ளை, சாம்பல் வயர்கள்) ஹீட்டர். ஆறிய நிலையில் 3.2 ஓம் அளவில் காட்டும். ஹீட்டர் கோடு வந்திருந்தால் இந்த அளவையும் ஃபியூஸையும் பார்க்காமல் புது சென்சார் வாங்க வேண்டியதில்லை.

நான்கு வயர் ஏ/எஃப் சென்சார் (வைட்பேண்ட் போலவே காற்று-பெட்ரோல் விகிதத்தை அளப்பது) உள்ள வண்டிகளிலும் ஒரு ஏமாற்று நடக்கிறது. லீனா ரிச்சா என்று மட்டும் சொல்லும் சாதாரண நேரோபேண்ட் சென்சாருக்கும் நான்கு வயர், மரையும் ஒன்றாகவே இருக்கும், கனெக்டரும் சில சமயம் பொருந்திவிடும். விலை குறைவு என்று அதை மாட்டிவிடுவார்கள். நேரோபேண்ட் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை தானே உண்டாக்கும். ஏ/எஃப் கரண்டை வைத்து அளப்பது. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. பார்ட் நம்பரைப் பெட்டியில் மட்டுமல்ல, சென்சார் உடம்பிலும் ஒப்பிடுங்கள்.

சரி, பில்லில் எழுதிய ‘கேலிபரேஷன்’? கம்பெனி ஈசியூவில் சில மாடல்களுக்குப் பழைய அடாப்டேஷனை (ஈசியூ கற்றுவைத்திருக்கும் திருத்தங்களை) ஸ்கேனரில் அழிக்க வேண்டியிருக்கும். சில நிமிட வேலை. தனியாக கேஜ் (கலவையைக் காட்டும் மீட்டர்) பொருத்தியவர்களுக்குத்தான் ஃப்ரீ ஏர் கேலிபரேஷன், அதாவது சுத்தமான வெளிக்காற்றை வைத்து அளவைச் சரிசெய்வது, வரும், அதுவும் கேஜின் கையேடு கேட்டால் மட்டும். அப்போது சென்சாரைப் பைப்பிலிருந்து கழற்றியே ஆக வேண்டும். பைப்புக்குள் வைத்தே, "என்ஜின் ஆஃப்தானே" என்று பட்டனை அழுத்தினால், உள்ளே தேங்கிய பழைய புகையைச் சுத்தமான காற்று என்று கேஜ் பதிந்துகொள்ளும். பிறகு எல்லா அளவும் தவறும். கழற்றிய சென்சாரைப் பெட்ரோல், தின்னர், புகை இல்லாத இடத்தில் தொங்கவிட்டு, ஹீட்டர் முழுதாகச் சூடேறி அளவு நிலைக்கும்வரை காத்திருந்து பிறகு செய்ய வேண்டும். உள் செல் 780 டிகிரி வரை போகும், நுனியில் கை படக்கூடாது. காற்றில் 4.9 வகையின் பம்ப் கரண்ட் சுமார் 2.5 மில்லி ஆம்பியர்.

மாட்டும்போது: கிடைமட்டத்துக்கு மேல் 10 டிகிரியாவது சாய்வு வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் தேங்கிச் சூடான செராமிக் வெடிக்கும். இறுக்கும் முறுக்கு விசை 40 முதல் 60 நியூட்டன் மீட்டர். பக்கத்தில் சாதாரண சிலிகான் பேஸ்ட் போட்டிருந்தால் அதன் ஆவியே நுனியில் வெண்பொடியாகப் படிந்து சென்சாரைக் கெடுக்கும். ஹீட்டருக்குக் கரண்ட் இல்லாமல் ஓடும் என்ஜினில் விட்டுவைத்தாலும் கரி ஏறிப் போய்விடும்.

வண்டியை எடுக்கும்போது லைட் அணைந்திருப்பதை வைத்து நம்ப வேண்டாம். ஃபால்ட் கோடை அழித்தால் பல வண்டிகளில் டிரிம் எண்களும் பூஜ்யத்துக்குப் போய்விடும், சில நாள் எல்லாம் நன்றாகத் தெரியும். ஸ்கேனரில் ரெடினஸ் மானிட்டர் (கம்ப்யூட்டர் தன் சோதனைகளை முடித்ததா என்று காட்டும்) பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ஆக்சிஜன் சென்சார், கேட்டலிஸ்ட் இரண்டும் ‘முடியவில்லை’ என்று இருந்தால் அப்போதுதான் அழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஓட்டிப் பார்த்து, அவை முடிந்தபின் ஐடிலிலும் 2500-இலும் டிரிம் எண்களை மறுபடி எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சென்சாரை, கனெக்டரோடு, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.