புதுச்சேரியில் ஓர் ஆட்டிசம் மதிப்பீட்டு மையம்

நன்றாகப் படிக்கிற, கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிற பெண்ணுக்கு ஆட்டிசம் எப்படி இருக்கும் என்று உறவினர்கள் கேட்டுக்கொண்டிருக்க, அக்கா மகளைப் புதுச்சேரியில் உள்ள தனியார் மதிப்பீட்டு மையம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். அவள் முகம் பார்த்துத்தான் பேசினாள். உளவியலாளர் அத்துடன் விட்டுவிடாமல், அப்படிப் பார்ப்பது சிரமமாக இருக்கிறதா என்று விசாரித்தபோது, எதிரில் இருப்பவரின் புருவ நடுவைப் பார்த்து, மனத்துக்குள் மூன்று எண்ணிவிட்டுப் பார்வையை விலக்குவதாகச் சொன்னாள். இவ்வாறு இயல்பை மறைத்துப் பழகுவது பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுவதால் பலருக்குக் கண்டறிதல் தாமதமாகிறது என்றும், ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றை மிகையாக உணர்வதை 2013இல் வெளியான, மனநலக் குறைபாடுகளைக் கண்டறிவதற்கான அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5, ஆட்டிசத்தின் அளவுகோலில் சேர்த்தது என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். ஞாயிறு சந்தைக்குப் போய்வந்தால் அவள் இருட்டறையில் படுத்துக்கொள்வதன் காரணம் அப்போது விளங்கியது.

குறைகளும் உண்டு. காத்திருக்கும் அறையில் தொலைக்காட்சி அலறிக்கொண்டிருந்தது. இப்படியொரு மையத்தில் இது விந்தைதான். அறிக்கையை ஆங்கிலத்தில் மட்டுமே தந்தார்கள், பாட்டிக்கு நாங்களே படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெற்றிருந்தாலும், அதற்கான சான்றிதழுக்கு இவ்வறிக்கை மட்டும் போதாது. அரசு அங்கீகரித்த மருத்துவ அமைப்பிடம்தான் அதைப் பெற வேண்டும்.