சினை முயலுக்கும் அதன் துணைக்குமாகச் செய்வித்த இரட்டை அறைக் கூடு

மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் வளரும் இரண்டு முயல்களும், ஆணும் பெண்ணுமாக வாங்கிய நாளிலிருந்து ஒரே கூட்டில் ஒன்றையொன்று நக்கிக் கொடுத்து, ஒட்டிப் படுத்து வளர்ந்தவை. பங்குனியில் பெண் முயலின் வயிற்றைத் தடவிப் பார்த்துச் சினையை உறுதிப்படுத்திய கால்நடை வைத்தியர், அது ஈனும் முன்னரே ஆணை வேறாக்கிவிட வேண்டும் என்றார். ஈன்ற சில மணித்தியாலங்களுக்குள் பெண் முயல் மறுபடியும் சினைப்படக்கூடியது. பாலூட்டும்போதே அடுத்த சினையும் சேர்ந்தால் தாயின் உடல் தாங்காது. ஆனால் கண்ணுக்கு எட்டாத இடத்திற்கு ஆணைக் கொண்டுபோனால் இரண்டும் வாடுவதோடு, பின்னர் சேர்க்கும்போது கடித்துக்கொள்ளவும் கூடும். ஆகவே நடுவே கம்பி வலைத் தட்டி வைத்த கூடு ஒன்றை ஊர்த் தச்சுப் பட்டறையில் அளவு கொடுத்துச் செய்வித்தேன். நான்கு மாதம் பாவித்த பின்னரே இதை எழுதுகிறேன்.

ஆறடி நீளமும் இரண்டரை அடி அகலமும் கொண்ட அந்தக் கூட்டிற்கு 32,000 ரூபாய் கொடுத்தேன். முதிரை மரக் கால்கள் நிலத்திலிருந்து இரண்டரை அடி உயரத்தில் கூட்டைத் தாங்குவதால், மாரி வெள்ளத்தைப் பற்றிய பயம் எனக்கில்லை. பிணைச்சல்களும் கொளுக்கிகளும் உறுதியானவை. கீரியோ மரநாயோ தள்ளித் திறக்க முடியாது.

நடுத் தட்டியே இக்கூட்டின் உயிர். தொடக்கத்தில் ஒற்றை வலை மட்டுமே அடித்திருந்தார்கள். வலையினூடாகவும் முயல்கள் இணையக்கூடும் என்று வைத்தியர் எச்சரித்ததால், ஓர் அங்குல இடைவெளி விட்டு இரண்டாவது வலையையும் அடிக்கச் சொன்னேன். முதல் இரண்டு நாட்கள் ஆண் முயல் தட்டியைக் கீறிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் விடியற்காலையில் பார்த்தபோது, இரண்டும் தட்டியின் இருபுறமும் ஒரே திசையில் தலை வைத்து, பக்கத்துக்குப் பக்கமாகப் படுத்திருந்தன. அதைக் கண்ட பிறகுதான் என் மனம் ஆறியது. தீனித் தட்டுகளையும் தட்டியை ஒட்டியே வைத்தேன். அகத்திக் குழையையும் புல்லையும் முன்போலவே ஒரே நேரத்தில் உண்டன.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். தரைக்கு ஓர் அங்குலக் கண் வலையை அடித்திருந்தார்கள். குட்டியின் கால் அதில் இறங்கி முறியும், பெரிய முயலின் குதிக்காலும் புண்ணாகும். திருப்பிச் சொன்னதும் மேலதிகப் பணம் கேட்காமல் அரை அங்குல வலையாக மாற்றித் தந்தார்கள் என்றாலும், எட்டு நாள் இழுத்தடித்தார்கள். சினைக்காலம் ஏறத்தாழ 31 நாட்களே என்பதால், அந்த எட்டு நாளும் எனக்குப் பெருந்தவிப்பு. படுப்பதற்கென்று ஒரு மூலையில் பலகையை நானே இட்டேன். தகரக் கூரை அதைவிடப் பெரிய தவறு. முயலுக்கு வியர்க்காது; காதுகளின் வழியாகவே அது பெருமளவு சூட்டை வெளிவிடுகிறது. வறண்ட கச்சான் காற்று வீசும் மட்டக்களப்பு வெயிலில் தகரத்தின் கீழ் அதை வைப்பது கொடுமை. தகரத்தின் மேல் இரண்டு அடுக்குக் கிடுகு வேய்ந்து, கூட்டை வேம்பின் நிழலுக்கு மாற்றிய பின்னரே அவை மூச்சிரைப்பதை நிறுத்தின.

குட்டி ஈனும் பெட்டி ஒன்றரை அடி நீளமும் ஓரடி அகலமும் உடையது. அளவு சரி, ஆனால் உட்புறம் நீட்டியிருந்த ஆணி முனைகளை நானே மடக்க நேர்ந்தது. 28ஆம் நாளில் வைக்கோல் பரப்பி அதை உள்ளே வைத்தேன். முன்கூட்டி வைத்திருந்தால் அதில் சிறுநீர் கழித்துவிடும். இரண்டு நாளில் தாய் தன் நெஞ்சு மயிரைப் பிய்த்து மெத்தை செய்து, ஆறு குட்டிகளை ஈன்றது. தாய் நாளுக்கு ஓரிரு தடவை, சில நிமிடம் மட்டுமே பாலூட்டும் என்பதை அறியாதவர்கள் அது குட்டிகளைக் கைவிட்டதாக எண்ணிப் பதறுவார்கள். பெட்டிக்கு நேரே தனிக் கதவு இருப்பதால், தாயைக் கலைக்காமல் குட்டிகளின் வயிறு நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள முடிந்தது.

தரை வலையையும் கூரையையும் முன்கூட்டியே திட்டமாகச் சொல்லிச் செய்விப்பவர்களுக்கு இந்தக் கூடு கொடுத்த காசுக்குத் தகும். ஆண் முயலுக்கு இப்போது விதைநீக்கம் செய்தாயிற்று. அதன் பின்னரும் ஆறு வாரம் வரை சினைப்படுத்தும் ஆற்றல் எஞ்சியிருக்கும் என்பதால் தட்டி இன்னும் அதே இடத்தில் நிற்கிறது. நான்கு திருகாணிகளைக் கழற்றினால் அது முழுதாக வெளியே வந்துவிடும்.