திரும்பி வந்த பி.எம்.எக்ஸ். சைக்கிள்கள்: பர்னர், பி.கே. ரிப்பர், ஹாரோ – ஓர் ஒப்பீடு

1982ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்து ராலி நிறுவனம் பர்னர் என்ற பி.எம்.எக்ஸ். (மண்தடப் பந்தய பாணியில் அமைந்த, சிறிய சக்கரச் சைக்கிள்) வரிசையைச் சந்தைக்கு அனுப்பியது. அதே ஆண்டில் கலிபோர்னியாவின் பாப் ஹாரோ, பந்தயத்துக்காக அல்லாமல் வித்தை காட்டுவதற்கென்றே வடிவமைத்த ஃப்ரீஸ்டைலர் சட்டகத்தை வெளியிட்டார். ஈ.டி. திரைப்படத்தில் சிறுவர்கள் ஜப்பானின் குவாஹாரா சைக்கிள்களில் வானில் பறந்ததும் அந்த ஆண்டுதான். எஸ்.இ. ரேசிங் நிறுவனத்தின் பி.கே. ரிப்பருக்கு அப்போது மூன்று வயது. இவற்றை ஓட்டிய பையன்கள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். பழைய ஆசை விடவில்லை, கையில் காசும் உண்டு என்பதை அறிந்து, ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் அந்தப் பெயர்களைத் தூசு தட்டி மறுபடி விற்கின்றன. பெயரைத் திரும்பக் கொண்டுவருவது எளிது. அந்தச் சைக்கிளை எதற்காக உருவாக்கினார்களோ அந்த வேலைக்கு அது இன்றும் உதவுகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். அந்த அளவுகோலை வைத்தே இவற்றை அருகருகே நிறுத்திப் பார்க்கிறேன்.

முதலில் பர்னர். பி.எம்.எக்ஸ். அலை அமெரிக்காவிலிருந்து பிரிட்டனுக்கு வந்தபோது ராலியின் கையில் இருந்தது 1970இல் அறிமுகமான சாப்பர். நீண்ட சீட்டும் உயர்ந்த ஹேண்டில்பாரும் கொண்ட அந்தச் சைக்கிளின் காலம் முடிந்துகொண்டிருந்ததால் அடுத்த தலைமுறைப் பையன்களுக்கு வேறொன்று தேவைப்பட்டது. அப்போது ராலி, டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் குழுமத்தின் உடைமையாக இருந்தது. முருகப்பா குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து சென்னையை அடுத்த அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை தொடங்கியதும் அதே குழுமம்தான் என்பதால், நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய ஹெர்குலிஸுக்கும் பர்னருக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. பந்தயத் தடத்தில் பிறந்து தெருவுக்கு வந்த சைக்கிள் அல்ல பர்னர். ராலி பந்தயக் குழு வைத்திருந்தது உண்மையென்றாலும், பெருவாரியாக விற்றவை சாதாரண எஃகுச் சட்டகம் கொண்ட, கனமான, பெற்றோருக்குக் கட்டுப்படியாகும் விலையிலான மாதிரிகள். கிறிஸ்துமஸ் காலையில் கண்விழித்த பிரிட்டிஷ் பையன்களுக்குக் கிடைத்த பரிசு அது. அதன் மரபு கோப்பைகளில் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பின்புறச் சந்துகளிலும், செங்கல்லின் மேல் பலகையைச் சாய்த்துச் செய்த தாவுமேடைகளிலும் இருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நாட்டின் பெரும்பான்மைச் சிறுவர்கள் பி.எம்.எக்ஸ். என்பதைத் தொட்டுப் பார்த்தது பர்னர் வழியாகத்தான்.

மறுவெளியீட்டில் ராலி தேர்ந்துகொண்டது அச்சு அசலான நகல் என்ற வழி. குறைந்த எண்ணிக்கையில், சேகரிப்பாளர்களை மனத்தில் வைத்து, பழைய நிறங்களும் ஸ்டிக்கர்களும் மாறாமல் வெளியிட்டார்கள். அவை விரைவாக விற்றுத் தீர்ந்தன. பர்னர் வரிசையில் பலருடைய மனத்திலும் நிற்பது நீலச் சட்டகமும் மஞ்சள் சக்கரங்களும் கொண்ட டஃப் பர்னர். அந்தச் சக்கரத்தில் கம்பிகள் இருக்காது. கண்ணாடி இழை கலந்த நைலானை அச்சில் வார்த்து, ரிம்மையும் தடித்த ஆரங்களையும் ஒரே துண்டாக எடுக்கும் அந்த வகையைக் கலிபோர்னியாவின் ஸ்கைவே நிறுவனம் புகழ்பெறச் செய்திருந்தது. கையால் தடவினால் உலோகத்தின் குளிர்ச்சி இல்லாத, மெழுகு போன்ற வழுவழுப்பு. கம்பி முறுக்க வேண்டியதில்லை, கோட்டம் எடுக்க வேண்டியதில்லை என்பதால் முரட்டுத்தனமாக ஓட்டும் பையன்களுக்கு அது வரப்பிரசாதமாக இருந்தது. ஆனால் பிரேக் கட்டை நைலானை அலுமினியத்தைப் பற்றுவதுபோலப் பற்றாது. மழை நாளில் நிலைமை இன்னும் மோசம். ஹேண்டில்பாரின் குறுக்குக் கம்பி, ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம், சட்டகத்தின் மேற்குழாய் ஆகிய மூன்றிலும் சுற்றிய மெத்தைப் பட்டைகளும் பார்க்க அழகானவை. அடிபடாமல் காக்கத்தான் அவை வந்தன. இன்றைய நகலில் அவை காக்க வேண்டியதெல்லாம் பெயிண்டை மட்டுமே. ஏனென்றால் இந்தச் சைக்கிளை வாங்குகிறவர்களில் பலர் அதைச் சுவரில் மாட்டுகிறார்கள். 20 அங்குலச் சக்கரமும், பன்னிரண்டு வயதுப் பையனின் கைநீளத்துக்கு அளந்த மேற்குழாயும் ஆறடி மனிதரின் முழங்காலை ஹேண்டில்பாரில் இடிக்க வைக்கும்போது வேறென்ன செய்ய முடியும்? நாட்டிங்ஹாமில் சைக்கிள் உற்பத்தி 2002இல் நின்றுவிட்டது. 2012இல் ராலி நெதர்லாந்தின் ஆக்செல் குழுமத்தின் கைக்குப் போனது. ஆகவே ஊரும் திரும்பவில்லை, பட்டறையும் திரும்பவில்லை; திரும்பியது உருவம் மட்டும்.

எஸ்.இ. ரேசிங் கதை முற்றிலும் வேறு. அதைத் தொடங்கிய ஸ்காட் பிரைட்ஹாப்ட், பதின்ம வயதிலேயே, 1970இல், கலிபோர்னியாவின் லாங் பீச்சில் ஒரு காலி மனையில் சைக்கிள் பந்தயம் நடத்திய பையன். பி.எம்.எக்ஸ். என்ற விளையாட்டை உருவாக்கியவர்கள் என்று எண்ணப்படும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களில் அவர் ஒருவர். மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் மோகத்தில், ஸ்விண் நிறுவனத்தின் ஸ்டிங்-ரே என்ற சிறுவர் சைக்கிளை மண்மேட்டில் ஓட்டி உடைத்துக்கொண்டிருந்த சிறுவர்களுக்கு, உடையாத சட்டகம் ஒன்று தேவைப்பட்டது. 1977இல் அவர் தொடங்கிய நிறுவனம் அந்தத் தேவையிலிருந்து பிறந்தது. பெர்ரி கிரேமர் என்ற பந்தய வீரரின் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கிய பி.கே. ரிப்பர் 1979இல் வந்தது. மற்றவர்கள் குரோமோலி என்ற கலப்பு எஃகில் நம்பிக்கை வைத்திருந்த நாளில் அது அலுமினியத்தில் செய்யப்பட்டது. ஃபுளோவல் என்று அழைக்கப்பட்ட, தட்டையாக அழுத்திய முட்டை வடிவக் குழாய்கள் அதற்குத் தனி முகத்தைக் கொடுத்தன. அடுத்து வந்த குவாடாங்கிள் சட்டகமும் ஒரு வீரரின் பெயரோடு பிணைந்ததுதான்: அதன் எஸ்.டி.ஆர்.-1 என்ற அடைமொழி ஸ்டூ தாம்சனைக் குறிக்கிறது.

பி.கே. ரிப்பரின் பின்பக்கத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். வழக்கமான சைக்கிளில் சீட்டிலிருந்து இறங்கும் குழாயும், பெடல் அச்சிலிருந்து பின்னோக்கிப் போகும் குழாயும் தனித்தனித் துண்டுகள். பின் அச்சுக்கு அருகே ஒரு தகட்டில் இரண்டையும் சேர்த்துப் பற்றவைப்பார்கள். இங்கே அப்படி இல்லை. சீட்டுக்குக் கீழிருந்து இறங்கி வரும் குழாய், பின் அச்சருகே வந்ததும் ஹேர்பின்போல வளைந்து, அப்படியே முன்னோக்கித் திரும்பி, பெடல் அச்சுப் பக்கம் போய்ச் சேருகிறது. அந்த வளைவின் உள்பக்கத்தில் அச்சைத் தாங்கும் தகடு உட்கார்ந்திருக்கிறது. லூப்டெயில் என்று பெயர். பெயிண்டையும் ஸ்டிக்கரையும் சுரண்டி எடுத்துவிட்டாலும், நூறு சைக்கிள்களுக்கு நடுவே இதை ஒருவர் பின்பக்கத்தை வைத்தே அடையாளம் காண முடியும். மரபு என்பது சட்டகத்தின் எலும்பிலேயே இருந்தால் அதை மீட்பது எவ்வளவு சுலபம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

நிறுவனம் சுகமாக வளர்ந்துவிடவில்லை. கைமாறியது, 2000-களின் தொடக்கத்தில் ஃபூஜி சைக்கிளை விற்றுவந்த அமெரிக்கக் குழுமத்திடம் சேர்ந்தது, அந்தக் குழுமம் 2018 நவம்பரில் திவால் மனு கொடுத்தது, 2019இல் புதிய உரிமையாளர்கள் வாங்கினார்கள். பிரைட்ஹாப்ட் 2015இல் மறைந்தார். இவ்வளவுக்கும் நடுவே பி.கே. ரிப்பர் இன்றும் விற்பனையில் இருக்கிறது. ஆனால் எஸ்.இ.யை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது 20 அங்குல மாதிரி அல்ல. அதே லூப்டெயிலையும் அதே ஃபுளோவல் குழாயையும் 29 அங்குலச் சக்கரத்துக்குப் பெரிதாக்கி, பிக் ரிப்பர் என்று வெளியிட்டார்களே, அதுதான். பழைய வாடிக்கையாளர் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டக்கூடிய சைக்கிள் அவருக்குக் கிடைத்தது. அதோடு, நிறுவனத்தின் பழைய வரலாற்றையே கேள்விப்பட்டிராத புதிய பையன்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நியூயார்க்கிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் லண்டனிலும் நூற்றுக்கணக்கானோர் கூட்டமாக ஊர்வலம் போகும்போது, முன்சக்கரத்தைத் தூக்கி வீலிங் செய்தபடி போகும் இளைஞர்களின் கீழே பெரும்பாலும் இந்தப் பெரிய சக்கர எஸ்.இ.க்களைத்தான் காணலாம். போக்குவரத்துக்கு நடுவே அவர்கள் செய்வது எனக்கு அச்சமூட்டுகிறது. இருந்தாலும், 1979இல் உருவான ஒரு சட்டகத்தின் மேல் இன்று பதினாறு வயதுப் பையன் உட்கார்ந்திருக்கிறான் என்ற உண்மை வேறெந்த மறுவெளியீட்டுக்கும் வாய்க்கவில்லை.

29 அங்குலச் சக்கரம் வந்தபின் அது எப்படி பி.எம்.எக்ஸ். ஆகும் என்று சேகரிப்பாளர்கள் கேட்பது நியாயமான கேள்வி. இதற்கு எஸ்.இ.யின் பழைய வரிசையிலேயே விடை இருக்கிறது. வயதில் மூத்த ஓட்டுநர்களுக்காக 26 அங்குலச் சக்கரத்தில், குரோமோலி எஃகில், ஓ.எம். ஃபிளையர் என்ற மாதிரியை அவர்கள் 1980-களின் தொடக்கத்திலேயே வைத்திருந்தார்கள், ஓ.எம். என்பது ஓல்ட் மேன், அதாவது கிழவன். பி.எம்.எக்ஸ். பந்தயங்களிலும் பெரிய சக்கரங்களுக்கு க்ரூஸர் என்ற தனிப் பிரிவு அன்றே உண்டு. ஆகவே பெரிய சக்கரம் அந்த மரபுக்குள்ளேயே இருந்த ஒரு கிளை. 29 என்பது அந்தக் கிளையை இன்னும் ஒரு முழம் நீட்டியது.

ஹாரோ இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பாப் ஹாரோ 1978 வாக்கில் பந்தய எண் பலகைகள் செய்து விற்றுத் தொழிலைத் தொடங்கியவர், ஈ.டி. படத்தில் சைக்கிள் சாகசம் செய்தவர்களில் ஒருவர். ஊர் ஊராகப் போய் வித்தை காட்டி ஃப்ரீஸ்டைல் என்ற பிரிவையே வளர்த்தெடுத்தவர். 1980-களின் பிற்பகுதியில் அவர் நிறுவனத்தை விற்றுவிட்டாலும் பெயர் அறுபடாமல் தொடர்ந்தது. லீனியேஜ் என்ற வரிசையில் இன்று வரும் சைக்கிள்கள், மாஸ்டர், ஸ்போர்ட் போன்ற பழைய மாதிரிகளின் வண்ணங்களையும் தோற்றத்தையும் எடுத்துக்கொள்கின்றன. 1980-களின் இறுதியில் நடைமேடை விளிம்புகளில் சறுக்குவதற்காகப் பல்சக்கரத்துக்குக் கீழே பொருத்திய காப்புத் தகடுகூட ஒரு மாதிரியில் திரும்பியிருக்கிறது. நேர்மையான வேலை, பார்க்கவும் நேர்த்தி. ஆனால் ஃப்ரீஸ்டைல் ஓட்டுநரின் தேவை இந்த நாற்பது ஆண்டுகளில் தலைகீழாக மாறிவிட்டது. அன்று சங்கிலி ஓடும் முன் பல்சக்கரத்தில் 44 பல், பின் பல்சக்கரத்தில் 16 பல். இன்று 25-க்கு 9. இரண்டிலும் விகிதம் ஏறத்தாழ ஒன்றுதான், 2.75-உம் 2.78-உம், ஆனால் சின்னப் பல்சக்கரம் விளிம்பில் இடிக்காது, எடையும் குறைவு. இன்று பூங்காக்களில் தீவிரமாக வித்தை பழகும் இளைஞர் லீனியேஜை வாங்க மாட்டார். வாங்குகிறவர் மாலையில் தெருமுனை வரை ஓட்டி, இரண்டு பழைய வித்தைகளைச் செய்து பார்த்துத் திரும்புவார். அதற்கு அது போதும்.

குவாஹாராவின் மறுவெளியீடுகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஈ.டி. படத்தின் ஆண்டு நிறைவுகளை ஒட்டிச் சிவப்பும் வெள்ளையுமாக வந்தவை அவை. ஒசாகாவில் 1918இல் தொடங்கிய ஒரு குடும்ப நிறுவனத்தின் நீண்ட உழைப்பை ஒரே திரைப்படத்தின் நினைவுப் பொருளாகச் சுருக்கிவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. மங்கூஸ் இன்னொரு எல்லையில் இருக்கிறது: 1970-களின் நடுவில் ஸ்கிப் ஹெஸ் வார்ப்புச் சக்கரத்தோடு தொடங்கிய அந்தப் பெயர், பல உரிமையாளர்களிடம் மாறி, அமெரிக்கப் பேரங்காடிகளில் மலிவுச் சைக்கிளின் பெயராகப் பரவியதால், அதன் பழைய மாதிரிகள் மறுபடி வந்தாலும் முதலில் நம்பிக்கையைத்தான் மீட்க வேண்டியிருக்கிறது.

வாங்க நினைப்பவருக்கு என் கருத்து இதுதான். சிறுவயதில் கைக்கு எட்டாத ஒன்றைக் கண்முன் வைத்திருக்க வேண்டும் என்ற ஆசையே பெரிதென்றால் ராலி பர்னர் நகலுக்கு இணை இல்லை; அதில் குறையே கண்டுபிடிக்க முடியாத அளவுக்குப் பழைய தோற்றத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஓட்ட வேண்டும் என்றால் எஸ்.இ.தான், அதிலும் 26 அங்குல ஓ.எம். ஃபிளையர். 29 அங்குலம் உயரமானவர்களுக்கும் வீலிங் பழகுகிறவர்களுக்கும் பொருந்தும். சராசரி உயரமுள்ளவர் நின்றுகொண்டு மிதிக்கும்போதும், மண்பாதையில் சட்டென்று திருப்பும்போதும் 26தான் காலுக்கு அடியில் சொன்னபடி கேட்கும். கடையில் சீட்டில் உட்கார்ந்து பார்ப்பது போதாது. இரண்டு பெடலையும் தரைக்கு இணையாக வைத்து எழுந்து நின்று, ஹேண்டில்பாரை முழுதாக ஒருபக்கம் திருப்பி, முழங்கால் எங்கே படுகிறது என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.