கப்பல் படம் எடுக்கிற வேலை வந்தால் தொடாதீங்கோ: ரூபா 312,000 போய், உயிர்ப்பயமும் வந்த கதை

மூன்று நாளாக நித்திரை இல்லை. கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. ஒன்லைனில் வேலை தேடுகிற தம்பி, தங்கச்சிமார் கட்டாயம் வாசியுங்கோ. என்னென்ன கவனிக்க வேணும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். போனது ரூபா 312,000. காசு மட்டும் போயிருந்தால் அழுதுபோட்டு விட்டிருப்பேன்.

நான் கொட்டாஞ்சேனை. கலியாணம், சாமத்தியவீடு படம் எடுக்கிறவன். ஆடி மாதம் கையில் ஒரு வேலையும் இல்லை. அந்த நேரம்தான் வெளிநாட்டு வேலைத்தளம் ஒன்றில், கப்பல் காப்புறுதிக்கு ஆலோசனை சொல்கிற கொம்பனி என்று ஒன்று கொழும்பில் படப்பிடிப்பாளர் தேடியது. பெயருக்குப் பக்கத்தில் சரிபார்த்ததற்கான நீல அடையாளம். அந்தத் தளம் சரிபார்த்துத்தானே போட்டிருக்கும் என்று நம்பினேன். அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் அனுப்பினேன்.

முதல் வேலை, துறைமுகத்தில் கொள்கலன்கள் எவ்வளவு தேங்கி நிற்குது என்று வெளியில் நின்று இருபது படம். ரூபா 15,000. அனுப்பி இரண்டு மணித்தியாலத்தில் காசு கணக்கில் விழுந்தது.

நான் முழுசாக விழுந்தது அதுக்குப் பிறகுதான். பொழுதுபடுகிற நேரம் பாரந்தூக்கி ஒன்றின் கம்பிகளுக்குள்ளால் வெளிச்சம் வருகிற மாதிரி ஒரு படம் அனுப்பியிருந்தேன். கொம்பனி சார்பில் என்னோடு கதைத்த ஆள் அந்த ஒரு படத்தைப் பற்றி மட்டும் பத்து வரி எழுதினார். எந்த இடத்தில் நின்றிருப்பேன், ஏன் அரை நிமிடம் பொறுத்து எடுத்திருப்பேன் என்றெல்லாம். பதின்மூன்று வருடம் இந்தத் தொழில். பொம்பிளையை இன்னும் வெள்ளையாக்கித் தாங்கோ என்பதைத் தவிர என் படத்தைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மகளுக்குக் காய்ச்சல், நாளைக்குத் தாறன் என்று சொன்ன அன்று, பிள்ளைக்குப் பழம் வாங்குங்கள் என்று ரூபா 5,000 தனியாக வந்தது. அவள் எத்தனையாம் ஆண்டு, எந்தப் பள்ளிக்கூட வானில் போறாள், எல்லாம் நானே வாயால் சொன்னேன். நினைக்க நெஞ்சு எரியுது.

பிறகு கேள்வி மாறியது. கொள்கலன் போதும், சாம்பல் நிறக் கப்பல்கள் வந்தால் எடுங்கள். பக்கவாட்டில் இருக்கிற இலக்கம் தெரிய வேணும், எத்தனை மணிக்கு வந்தது, எந்த இறங்குதுறை, எத்தனை இழுவைப் படகு. போர்க்கப்பல் வந்தால் மற்றக் கப்பல்கள் தாமதமாகும், அந்தக் கணக்குக் காப்புறுதிக்கு வேணும் என்றார்கள். எனக்கு அது நியாயமாகப் பட்டது. 600 மில்லிமீற்றர் லென்ஸ் வாங்குங்கள், பற்றுச்சீட்டு அனுப்பினால் அடுத்த கொடுப்பனவோடு தருகிறோம் என்றார்கள். மனைவியின் காப்பு இரண்டையும் அடகு வைத்து, பாவித்த லென்ஸ் ஒன்றை ரூபா 235,000க்கு வாங்கினேன். செய்த வேலைக்கு வர வேண்டியது 77,000. மொத்தம் 312,000.

நாலாவது தடவை, கூட்டாளி ஒருத்தனின் மாடிக்குடியிருப்பு மொட்டைமாடியில் நின்றபோது சிவில் உடையில் இரண்டு பேர் வந்தார்கள். கமெரா, லென்ஸ், ஃபோன் எல்லாம் போச்சு. பதினான்கு மணித்தியாலம் ஒரே கதிரை. யார் சொல்லி எடுத்தாய், யாருக்கு அனுப்பினாய், அந்த நாட்டுக்கு எத்தனை தரம் போனாய். எந்த நாடு என்றே எனக்குத் தெரியாது! எனக்குச் சிங்களம் கதைக்கத் தெரியும், வாசிக்க வராது. வாசிக்கத் தெரியாத நாலு பக்கத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.

வெளியில் எடுத்த சட்டத்தரணி அண்ணைதான் விளங்கப்படுத்தினார். வணிகக் கப்பல்கள் தாங்கள் நிற்கிற இடத்தைத் தானியங்கிக் கருவியால் அறிவித்துக்கொண்டே போகும், அதை எவரும் ஃபோனிலேயே பார்க்கலாம். போர்க்கப்பல்கள் அதைப் பெரும்பாலும் நிறுத்தி வைக்கும். அதனால்தான் கரையில் ஒரு கண் தேவைப்படுது. 2024 ஓகஸ்ட் 26இல் சீனப் போர்க்கப்பல்கள் மூன்றும் இந்தியாவின் ஐ.என்.எஸ். மும்பையும் ஒரே நாளில் கொழும்புக்கு வந்தது செய்தியில் வந்ததே, நானும்தான் வாசித்தேன். ஆலோசனைக் கொம்பனி என்று வலை விரிப்பதும் புதுசில்லையாம். சிங்கப்பூரைச் சேர்ந்த டிக்சன் யோ என்பவர் சீன உளவுத்துறைக்காக அமெரிக்காவில் ஆள் பிடித்தது இப்படித்தான், 2020இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை போனார். இங்கே 1955ஆம் ஆண்டின் அரச இரகசியச் சட்டம் இருக்குது. அதுக்கு மேலால், தமிழ்ப் பெயரோடு துறைமுகத்தைப் படம் பிடித்தவன் என்றால் 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அம்மா அந்த இரவு முழுக்கச் சாமியறையை விட்டு எழும்பவில்லையாம்.

வேலைத்தளத்துக்கு எழுதினேன். முதலில் இயந்திரம் பதில் சொன்னது. பிறகு 72 மணித்தியாலம் பொறுக்கச் சொன்னார்கள். பிறகு, நீங்கள் வெளிச் செயலியில் கதைத்தீர்கள், லென்ஸை நீங்களாக வாங்கினீர்கள், நாங்கள் பொறுப்பில்லை என்று முறைப்பாட்டை மூடினார்கள். நீல அடையாளம் போட்டது யார் என்று கேட்டேன், பதில் இல்லை. அந்தக் கணக்கே இப்போது அங்கே இல்லை. வங்கிக்குப் போனால், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு உள்ளூர் ஆட்களின் கணக்கிலிருந்து காசு வந்திருக்குது, இது என்ன காசு என்று என்னையே கேட்கிறார்கள். 312,000 என் தலையில். காப்பு மூழ்குகிற தவணையும் கிட்டுது.

முந்தநாள் இரவு தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து அழைப்பு. ஆங்கிலம், ஆறுதலான குரல். நீங்கள் எங்களைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். பிறகு மகளின் வான் வருகிற நேரத்தைச் சொன்னார். 6.40. வேறொன்றும் சொல்லவில்லை.

கவனமாக இருங்கோ: துறைமுகம், விமான நிலையம், முகாம், கடற்படை, எதையாவது படம் எடுக்கச் சொன்னால் உடனே நிறுத்துங்கோ. அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பாதீங்கோ. உங்கள் காசில் சாமான் வாங்கச் சொன்னால் வாங்காதீங்கோ. பிள்ளைகளைப் பற்றி வாயே திறக்காதீங்கோ. விளங்காத மொழியில் கையெழுத்து வைக்காதீங்கோ, தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கோ. இன்னும் எழுத இருக்குது, நேரமில்லை. மகளை இனி வானில் விடுவதில்லை, 1.30க்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்க வேணும்.