லெவோடோபாவா, பிரமிபெக்சோலா? அப்பாவுக்கு நாங்கள் தொடங்கிய மாத்திரை

யாங்கூனில் எங்கள் பருப்புக் கடையில் அப்பா நோட்டு எண்ணும்போதுதான் முதலில் கவனித்தோம். வலது கட்டைவிரல் நின்று நின்று நகர்ந்தது. அப்புறம் லுங்கி முடிச்சு போட அம்மாவைக் கூப்பிட ஆரம்பித்தார். நரம்பு டாக்டர் இரண்டு விரலைத் தட்டச் சொன்னார், கையை மடக்கி நீட்டினார், நடக்க விட்டார், பார்க்கின்சன் என்றார். ஸ்கேன் வேண்டாமா என்று அண்ணன் கேட்டார். அசைவு மந்தமாவது, அதோடு சும்மா இருக்கும்போது நடுக்கம் அல்லது தசை இறுக்கம். இதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். எம்ஆர்ஐ எல்லாம் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

மருந்தில் டாக்டர் இரண்டு வழி சொன்னார். இந்த நோயில் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற ரசாயனம் மூளையில் குறைந்துவிடும். லெவோடோபா மூளைக்குள் போய் டோபமைனாகவே மாறும். பிரமிபெக்சோல் டோபமைன் மாதிரி நடிக்கும். விலை, மாத்திரை அளவு பற்றியெல்லாம் டாக்டரே சொல்வார், விடுங்கள்.

லெவோடோபாவைச் சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரமே கை கால் தானாக ஆடும் (நோயின் நடுக்கம் வேறு, இது வேறு) என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். பயத்தில் பாதி உண்மை. 2000இல் வெளியான, 301 பேரை வைத்துச் செய்த ஆய்வில், பிரமிபெக்சோலில் தொடங்கியவர்களுக்கு அந்த ஆட்டம் குறைவுதான். ஆனால் அதே ஆய்வில் நடை, கை வேலை எல்லாம் லெவோடோபா எடுத்தவர்களுக்கே அதிகம் தேறியது. 2014இல் பிரிட்டனில் 1620 பேரை வைத்து வந்த பெரிய ஆய்விலும் லெவோடோபாவுக்கே நடமாட்டத்தில் சிறிய, ஆனால் நீடித்த முன்னிலை. கானாவில் நோய் தொடங்கி சராசரியாக 4 வருடம் கழித்துத்தான் லெவோடோபா கொடுத்திருக்கிறார்கள். அங்கும் ஆட்டம், இத்தாலியில் முன்பே தொடங்கியவர்களுக்கு வந்த அதே நோய்க் கட்டத்தில்தான் வந்தது. அதாவது ஆட்டத்தைக் கொண்டுவருவதில் மாத்திரை எடுத்த காலத்தைவிட நோயின் வயதுக்குத்தான் பங்கு அதிகம்.

ஆனாலும் எங்களை முடிவெடுக்க வைத்தது இந்த ஆய்வுகள் இல்லை, பக்கத்து வீட்டுப் பெரியவர். நூறு சாட் (மியான்மர் பணம்) நோட்டைக்கூட இரண்டு தடவை எண்ணிக் கொடுப்பவர். பிரமிபெக்சோல் அளவை ஏற்றிய சில மாதத்தில் டூ டி லாட்டரிக்கு அடிமையாகிவிட்டார். அதுதான் தெரியுமே, தாய்லாந்து பங்குச் சந்தை எண்ணை வைத்து தினம் இரண்டு தடவை முடிவு வருமே, அது. தலையணை உறைக்குள் நம்பர் எழுதிய சீட்டுகளை அவர் மனைவி கண்டெடுத்தபோது ஒரு ஜோடி வளையலும் போயிருந்தது. வயசான காலத்தில் புத்தி கெட்டுவிட்டது என்று வீட்டில் திட்டினார்கள். மாத்திரையின் வேலை என்று யாருக்கும் தோன்றவில்லை. அமெரிக்கா, கனடாவில் 3090 நோயாளிகளைக் கேட்டு 2010இல் வந்த ஆய்வில், இந்த வகை மாத்திரை எடுத்தவர்களில் 17 சதவீதம் பேருக்குச் சூது, கண்மண் தெரியாத செலவு, அடங்காத தீனி, காமம் இவற்றில் ஒன்றாவது இருந்தது. எடுக்காதவர்களில் 7 சதவீதம். நோயாளி தானாக வாய் திறக்க மாட்டார், வெட்கம். சட்டென்று நிறுத்தவும் கூடாது, படபடப்பும் மனச்சோர்வும் வரும், மெல்லத்தான் குறைக்க வேண்டும். நாங்கள் பகல் முழுக்கக் கடையில். கல்லாவும் அப்பா கையில். யார் அவரைப் பார்த்துக்கொண்டே இருப்பது? அதனால் லெவோடோபாவையே தொடங்கினோம்.

லெவோடோபாவுக்கும் பராமரிப்பு உண்டு. மீன், முட்டை, பருப்பு போன்ற புரதத்தோடு சேர்ந்தால் அது சரியாக ஏறாது. அதனால் ஆறு மணிக்கு மாத்திரை, ஆறே முக்காலுக்கு மொகிங்கா, அதாவது மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ். முதல் வாரம் குமட்டியது, அப்புறம் சரியாகிவிட்டது.

அப்பாவுக்கு வயது 71. நாற்பதுகளில் நோய் வந்தவருக்கு ஆட்டம் சீக்கிரம் வரும், அங்கே கணக்கு வேறு; அவருக்கு இதையே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எங்களுக்கும் இரண்டு வருட அனுபவம்தான். லுங்கி முடிச்சை இப்போது அவரே போட்டுக்கொள்கிறார், மதிய மாத்திரைக்கு முந்தைய அரை மணி நேரம் தவிர.