ஒன்றரை வருடம் ஓட்டிய மின்சார ஸ்கூட்டர்

பெட்ரோலுக்கு வரிசையில் நின்று அலுத்துப்போய்த்தான் இங்கே பர்மாவில், பெகு ஊரில் ஒரு கடையில் இந்த ஸ்கூட்டரை வாங்கினேன். சீனத் தயாரிப்பு, 60 வோல்ட். ஒரு சார்ஜுக்கு 70 கிலோமீட்டர் என்றார்கள், எனக்குக் கிடைத்தது 45. டியூஷன் வீடுகளுக்குப் போய்வர அது போதும். சத்தமே இல்லை, தெருநாய்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. முழு சார்ஜ் ஏற 8 மணி நேரம். கரண்ட் சேர்ந்தாற்போல் 4 மணி நேரம் வந்தாலே பெரிய விஷயம், அதனால் பாதி நாள் அரைகுறை சார்ஜில்தான் ஓடியது.

சர்வீஸ் குறை சொல்ல முடியாது. மெக்கானிக் என்னிடம் கெமிஸ்ட்ரி படித்த பையன். ஒரு நாள் பழுதான மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தான். வளையத்தின் உள்பக்கம் சுற்றிலும் விரல் அகலத்துக்குக் காந்தப் பட்டைகள். "இதைப் பிடிங்க டீச்சர்" என்று ஸ்க்ரூடிரைவரை நீட்டினான். கிட்டே கொண்டுபோனதும் வெடுக்கென்று ஒட்டிக்கொண்டது, இரண்டு கையாலும் இழுத்துத்தான் எடுத்தேன்.

நியோடைமியம் காந்தம். சூட்டில் வலு குறையாமலிருக்க இந்த வகைக் காந்தங்களில் டிஸ்ப்ரோசியம் என்ற அரிய உலோகத்தைக் கொஞ்சம் சேர்ப்பதுண்டு. சீனத் தொழிற்சாலைகளுக்கு அது போகிற முக்கியமான இடங்களில் ஒன்று நம் நாட்டின் வடக்கே, சீன எல்லையோரக் கச்சின் மலைகள், பங்வா, சிப்வி பக்கம். மலையில் துளை போட்டு அம்மோனியம் சல்பேட் கரைசலை ஊற்றி, உலோகத்தைக் கரைத்துக்கொண்டு அடியில் வடிவதைத் தொட்டிகளில் பிடிக்கிறார்கள். வயலுக்கு உரமாகப் போடுகிற அதே உப்புதான். தொட்டிக்கு வராதது ஓடைக்குப் போகும்.

மனிதர்கள்மேல் நடக்கும் மருத்துவ ஆய்வுக்கு நெறிமுறையாக 1964-இல் ஹெல்சின்கி பிரகடனம் வந்தது. சுற்றுச்சூழலைப் பாதிக்கக்கூடிய ஆய்வில் தனிக் கவனம் வேண்டும் என்று 1975 திருத்தத்திலேயே ஒரு வரி சேர்த்துவிட்டார்கள். டாக்டருக்கு இருக்கிற அந்த ஒரு வரி மோட்டார் வடிவமைக்கிறவருக்கும் இருந்தால் என்ன? விலைச்சீட்டில் 'பசுமை வாகனம்' என்று பெரிதாகப் போடத் தெரிகிறது, காந்தம் எந்த மலையைக் கரைத்து வந்தது என்று போட இடமில்லை.

கடைமேல் எனக்குள்ள கோபம் பேட்டரி. ஈய-ஆசிட், மொத்தம் 5, ஒவ்வொன்றும் ஆறேழு கிலோ. போன மாதம் எல்லாம் படுத்துவிட்டன. புதுசு விற்பார்களாம், பழசை எடுக்க மாட்டார்களாம். "பழைய சாமான்காரன் கிலோ கணக்குல எடுத்துக்குவான் டீச்சர்."

"எடுத்து?"

"உடைச்சு ஈயத்தை உருக்குவான்."

"ஆசிட்?"

பையன் சாக்கடையைப் பார்த்தான்.

வண்டிக்கு ஐந்தில் நான்கு, கடைக்கு இரண்டு. பழைய பேட்டரிகள் என் வீட்டு மாடிப்படிக்கு அடியில், சாக்கு போட்டு மூடி வைத்திருக்கிறேன்.